குசினிப் புகைக்கூட்டின் வாயை அனகி அடுப்புக்கு ஏற்பக் கட்டி முடித்தல்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் குசினியில், கபுக் எனும் செம்புரைக் கல்லால் கட்டிய அடுப்பு மாடமும் அதன் மேலே எழும் புகைக்கூடும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது அவசரத்துக்கென அங்கே வைத்த அனகி அடுப்பை நிலையாகப் பதித்து, சுற்றியுள்ள திறப்பையும் முறையாகக் கட்டி முடிப்பதே இந்த வேலை. அனகி என்பது ஒரே வாயில் விறகு வைத்து இரண்டு பானைகளை ஏற்றக்கூடிய, சுட்ட களிமண் அடுப்பு. அதற்குத் தனியான புகைக்குழாய் இல்லாததால், பானையடியில் கசியும் புகை முழுவதையும் மாடமே உள்வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் மாடத்தின் வாய் 48 அங்குல அகலமும் 36 அங்குல உயரமுமாகத் திறந்து கிடக்க, புகைக்கூட்டின் உட்துளையோ 9 அங்குலச் சதுரந்தான். திறந்த அடுப்பு மாடத்தின் வாய், புகை செல்லும் துளையின் பரப்பைப் போல ஏறத்தாழ பத்து மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய கணக்கு. இங்கே அது இருபது மடங்கைத் தாண்டியிருந்தது. ஆகவே இரு பக்கமும் செங்கல் வைத்து 32 அங்குலமாக ஒடுக்கி, மேல் விளிம்பை 25 அங்குலத்துக்கு இறக்கினோம். இறக்கிய விளிம்பைத் தாங்கும் எல் வடிவ இரும்பு சூடேறும்போது இரண்டு மில்லிமீற்றர் வரை நீளக்கூடும் என்பதால், அதன் இரு முனைகளையும் இறுக்கிப் பூசாமல் இடைவெளி விட்டேன். நாகத்தகரத்தை நெருப்பின் அருகே எங்குமே சேர்க்கவில்லை. அதன் மேல்பூச்சான துத்தநாகம் 419 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும்.

அதிக நேரம் எடுத்தது அடுப்பைச் சுற்றிய மண் வேலைதான். "சீமெந்து பாக்க வடிவா இருக்கும் தம்பி, நெருப்புப் பட்டால் உதிர்ந்திடும்" என்று உதவிக்கு வந்த மேசன் ஐயா சொன்னார்; அதற்குத் தெளிவான காரணமும் உண்டு. இறுகிய சீமெந்தில் உள்ள நீற்றிய சுண்ணாம்பு 400 பாகைக்கு மேல் தன் நீரை இழக்கிறது. அடுப்பு ஆறியதும் கொழும்பின் ஈரக்காற்றிலிருந்து அதே நீரை மீண்டும் பிடித்து வீங்க, பூச்சு வெடிக்கிறது. களிமண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. புற்றுமண், மணல், உமி ஆகியவற்றை வெவ்வேறு அளவில் கலந்து, உள்ளங்கை அகலத்தில் தட்டிக் காயவைத்துப் பார்த்தேன். மணல் குறைந்த துண்டு விளிம்பிலிருந்து நடுவரை பிளந்தது. மணல் மிகுந்தது நகம் பட்டாலே பொடிந்தது. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணலும் கைப்பிடி உமியும் சேர்ந்தது, தட்டினால் 'டங்' என்று ஒலித்தது. எரிந்துபோகும் உமி விட்டுச்செல்லும் நுண்துளைகள் வெப்பத்தையும் தடுக்கும். அந்தக் கலவையையே இரண்டு அங்குலக் கனத்தில் அடுப்பைச் சுற்றி அப்பி, விறகு வாயின் ஓரத்தைச் சாந்தகப்பையால் அல்லாமல் ஈரக் கையாலேயே வழித்து எடுத்தேன்.

வெளிமுகத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் வாங்கி வெளிவிடும் கபுக் சுவருக்கு அதுதான் பொருந்தும்.

மண் நிறம் வெளுக்கும்வரை பொறுத்து, முதலில் சிரட்டைத் துண்டுகளை மட்டும் எரித்து உள்ளீரத்தை மெதுவாக வெளியேற்றிய பிறகே இறப்பர் விறகை வைத்தோம். புகை இப்போது விளிம்பைத் தாண்டாமல் நேரே மேலேறுகிறது. கடற்பக்கக் காற்று ஓங்கும்போது மட்டும் சற்றே திரும்புவதால், அடுத்ததாகப் புகைக்கூட்டின் உச்சிக்கு நான்கு பக்கமும் திறந்த ஒரு மூடி கட்ட வேண்டியிருக்கிறது.