கடனுக்குச் சிறை போன நீதிபதி
ரெண்டு நாளாக ஜேம்ஸ் வில்சன் மனதை விட்டுப் போகவே இல்லை. 1742-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1765 வாக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். பென்சில்வேனியாவில் வழக்கறிஞர் ஜான் டிக்கின்சனிடம் சட்டம் படித்தார். 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியல் சட்டம் இரண்டிலும் கையெழுத்திட்டவர்கள் மொத்தமே ஆறு பேர். அதில் இவரும் ஒருவர். ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். அது எடுபடவில்லை. அப்புறம் 1789-இல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார்.

ஆனால் நிலத்தின் மேல் தீராத ஆசை. கடன் வாங்கி வாங்கி மனையாகக் குவித்தார். 1790களின் பிற்பாதியில் சந்தை சரிந்ததும் எல்லாம் கழுத்தை நெரித்தது. பதவியில் இருக்கும்போதே நியூஜெர்சியில் கடனுக்காகச் சிறை. வெளியே வந்து வட கரோலினாவுக்கு ஓடினார், அங்கேயும் கடன்காரர் விடவில்லை, மறுபடி சிறை.

கடைசியில் ஈடன்டன் ஊரில், நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சத்திரத்து அறை. மலேரியா, பக்கவாதம். இளம் மனைவி ஹன்னா பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். 1798 ஆகஸ்ட் 21, வயது 55. அன்றைக்கும் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதிதான்.

அவர் உடலைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவர 1906 வரை ஆனது. அதை நினைத்தால்தான் ரொம்ப வலிக்கிறது.