கெடு தாண்டிய புரோநோட்டு

மூன்று ஆண்டு கடந்த புரோநோட்டை வைத்திருப்பவரிடம் "இனி இது வெறும் காகிதம்தான்" என்று சொல்ல ஊரில் நாலு பேராவது இருப்பார்கள். சட்டத்தையே எடுத்துச் சொல்வதாக அவர்கள் நம்புகிறார்கள். ஆனால், சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை.

கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதற்குள் கடன்பட்டவர் ஒரு தொகையைக் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்திட்டால், கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். எதுவுமின்றிக் கெடு கடந்துவிட்டால், எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். ஆனால் அங்கே தள்ளுபடியாவது வழக்கு மட்டுமே. காலம் கடந்த கடன் அழிவதில்லை, அதை நீதிமன்றத்தின் வழியே வசூலிக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான் என்று பாம்பே டையிங் வழக்கில் 1957ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்த வாக்குறுதி பொதுவாகச் செல்லாது என்று சொல்லும் அதன் 25ஆம் பிரிவு, கெடு தாண்டிய கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதிக்கு விலக்கு அளிக்கிறது. காலம் கடந்த 1,000 ரூபாய்க் கடனுக்காக 500 ரூபாய் தருவதாக ஒருவர் எழுதிக் கொடுத்தால் அது செல்லும் என்ற உதாரணம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கடன் அடியோடு செத்திருந்தால் அதற்கு இப்படி உயிர் கொடுக்க வழி வைத்திருப்பார்களா?

சாட்சிகள் இறந்துபோகிறார்கள், ரசீதுகள் தொலைகின்றன, வழக்கு வருமோ என்ற அச்சத்தில் யாரும் ஆயுள் முழுக்க வாழக் கூடாது என்பவை கெடு வைத்ததற்கான காரணங்கள். நியாயமான காரணங்கள்தாம். ஆனால் அவை கடனை நிரூபிக்கும் சிரமத்தைப் பற்றியவை. வாங்கியதையும் திருப்பித் தராததையும் தானே அறிந்த ஒருவருக்கு எந்தச் சாட்சி தேவை?

இது கந்துவட்டிக்காரருக்கான வக்காலத்து அன்று. அதீத வட்டியைத் தடை செய்யும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சரியானதே. என் கணக்கில் நிற்பது அசலும் நேர்மையான வட்டியும் மட்டுமே. கொடுக்க வழியில்லாதவரையும் நான் குறை சொல்லவில்லை. கையில் பணம் இருந்தும் கெடு முடியும் நாளை எண்ணிக் காத்திருப்பவரைப் பற்றியே பேசுகிறேன்.

தந்தையின் கடன் எனக்குச் சற்றுச் சிக்கலாகவே படுகிறது. குடிக்கும் சூதுக்கும் வாங்கியவை நீங்கலாகத் தந்தை பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையை, பின்னால் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தம் நீக்கிவிட்டது. இன்று வாரிசின் பொறுப்பு, கைக்கு வந்த சொத்தின் அளவோடு நின்றுவிடும். ஒன்றும் விட்டுச் செல்லாத தந்தையின் கடனை மகனோ மகளோ சுமக்க வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கடன் பணத்தில்தான் தன் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது என்று அறிந்த பிள்ளையிடம் கேட்பேன்.