தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை

அந்த வேதியியல் தாளில் ஒரு வரைபடம் இருந்தது. கால்சியம் கார்பனேட்டில் அமிலம் ஊற்றினால் வரும் வாயுவின் அளவு நேரம் போகப் போக எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோடு. அதை 'டிஸ்கிரைப்' செய்யச் சொல்லிக் கேள்வி. அமிலம் தீரத் தீர துகள்கள் மோதிக்கொள்வது குறைகிறது, அதனால் வேகமும் குறைகிறது என்று ஐந்து வரி எழுதியிருந்தேன். வேதியியலில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் மதிப்பெண் பூஜ்யம்.

அப்போது நான் இயர் 10. அதுவரை தமிழில் படித்துவிட்டு, இயர் 9-இன் நடுவில் இந்தப் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் வந்து சேர்ந்தவன். இயர் 11 முடிவில் எழுதும் ஐஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்கூட இல்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் காட்டவில்லை. மூன்றாம் நாள் காலை வருகைப் பதிவின்போது எங்கள் வகுப்புக்குப் பொறுப்பான ஃபார்ம் டியூட்டர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் இஏஎல் மிஸ் என்னைத் தேடி வந்தார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத எங்களுக்கென்று இருந்த ஆசிரியர் அவர்.

தாளைப் பிரித்துப் படித்துவிட்டு ஓர் அட்டையில் மூன்று சொற்களை எழுதினார்: ஸ்டேட், டிஸ்கிரைப், எக்ஸ்ப்ளெய்ன். "இதற்குக் கீழே உன் மொழியில் எழுது" என்றார். பேசிப் பேசி ஒருவழியாக எழுதினேன். 'சொல்', 'என்ன நடக்கிறது', 'ஏன் நடக்கிறது'. அப்புறம் அதே வரைபடத்தை மறுபடி கேட்டார். முதலில் வேகமாக ஏறுகிறது, பிறகு ஏற்றம் குறைகிறது, கடைசியில் சமமாகிவிடுகிறது என்றேன். "அவ்வளவுதான், இரண்டு மதிப்பெண். உனக்குப் பாடம் தெரியும். கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாதே." அந்த அட்டை, பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான ஏ லெவல் முடியும்வரை என் பென்சில் பெட்டியின் மூடிக்குள் இருந்தது.

அவர் எங்களை வகுப்பிலிருந்து தனியே கூட்டிக்கொண்டு போனது குறைவு. பெரும்பாலும் அவரே அறிவியல் வகுப்புக்கு வந்து பக்கத்தில் உட்காருவார். அடுத்த வாரப் பாடத்தில் வரப்போகும் சொற்களை முந்தின வாரமே கையில் தந்துவிடுவார். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அது எனக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். கையைத் தூக்கும் தைரியம் அப்படித்தான் வந்தது.

என் நண்பன் ஒருவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் சிரமம். தேர்வில் அவனுக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம். ஒன்றரை மணி நேரத் தாளென்றால் ஏறக்குறைய 22 நிமிடம் அதிகம். அது சலுகை என்று சிலர் முணுமுணுத்தார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் அவன் தேர்வெழுதும் சிறிய அறையைத் தாண்டிப் போனபோது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அளவுகோலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் வைத்து, உதடு அசைய ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் முழுவதும் படிப்பதற்கே போகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அதை வாங்கிக் கொடுக்க அவனைச் சோதித்து, வகுப்பிலும் வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறான் என்று காட்டி, ஆசிரியர்கள் எத்தனை தாள் நிரப்பினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஹவுஸ் அணிகளின் போட்டிகள், மாணவர் தலைவர்களின் ப்ரிஃபெக்ட் பேட்ஜ் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் சேர அனுப்பும் யூகாஸ் விண்ணப்பத்துக்கான சுயவிளக்கக் கட்டுரையை மட்டும் சொல்கிறேன். அப்போது இடைவெளியையும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் எழுத வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். என் கட்டுரையை டியூட்டர் ஏழு தடவை திருத்தினார், ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு குறை மனதில் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பெற்றோர் சந்திப்பு மாலைகளில் ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். 'கவனம் சிதறுகிறது' என்பதை 'நன்றாகப் படிக்கிறான்' என்று மாற்றியிருக்கிறேன். அதைவிட வருத்தம், அம்மா கேட்க நினைத்த கேள்விகளைக் கூச்சத்தில் கேட்காமலே விட்டது. "இவன் ராத்திரி தூங்குவதில்லை, என்ன செய்யலாம்?" என்று அம்மா கேட்டதை நான் அந்த மேசைக்குக் கொண்டுபோகவே இல்லை. தன்னைப் பற்றிய பேச்சைப் பிள்ளையே மொழிபெயர்க்கும் நிலை வரக் கூடாது. எங்களை அவ்வளவு கவனித்துப் பார்த்த பள்ளி இதை மட்டும் பார்க்கவில்லை.

இப்போது பல பள்ளிகளில் இந்தச் சந்திப்புகள் வீடியோ அழைப்பில் நடக்கின்றன. நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். பள்ளியோடு பேசி, பெற்றோருக்கு மொழிபெயர்த்துத் தருபவர்களின் பட்டியல் ஒன்று தயார் செய்தால், என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வார நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் எனக்கு வசதி.