அப்புச்சி சிரித்த வெள்ளை மாவு

கிணத்துக்கடவுச் சந்தைக்குப் போகவேண்டிய தக்காளியில் பாதியைச் சென்ற பட்டத்தில் காய்ப்புழு தின்றுவிட்டது. இந்த முறை நாற்று விடும்போதே கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா அடங்கிய வெள்ளைத் தூளைக் கலந்தேன். நட்ட பிறகு, ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு சேர்த்துத் தூவினேன். வரப்பில் நின்ற அப்புச்சி, “இந்த மாவு புழுவைக் கொல்லுமா, கண்ணு?” என்று சிரித்தார்.

நேராகக் கொல்வது இதன் வேலையே இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, செடியை விழிப்பாக வைக்கிறது. புழு இலையைக் கடித்ததும் செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன் சட்டென ஏறும். புரதத்தைச் செரிக்கவிடாத பொருள்களை இலை உண்டாக்கும். தின்ற புழுவுக்கு வயிறு ஒத்துழைக்காது, வளர்ச்சி குன்றும். காயம்பட்ட தக்காளி இலை இப்படித் தற்காத்துக்கொள்வதை 1972இலேயே கண்டறிந்துவிட்டார்கள்.

வேப்பங்கொட்டைச் சாறும், ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் இன்னும் தேவைதான். ஆனால் ரசாயனப் பூஞ்சணக்கொல்லியை இதோடு கலக்காதீர்கள்; பாக்டீரியா செத்துவிடலாம். பக்கத்துத் தோட்டத்து மாமா கலந்துவிட்டு, “உன் மாவு வேலை செய்யவில்லை” என்று நேற்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.