கல்லாறு தாண்டினால் சிக்னல் கிடையாது

பயணத்துக்கென்று நான் போனில் வைத்திருக்கும் செயலிகளுக்கு ஒரே ஒரு நுழைவுத் தேர்வுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் அது உருப்படியாக வேலை செய்ய வேண்டும். கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பித்ததும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். ஹில்குரோவ், ரன்னிமேடு பக்கம் அவ்வப்போது ஒரு கோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். குன்னூர் வரும்வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் இதே கதைதான். அந்த மூன்று மணி நேரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கிற ஆப் எதுவாக இருந்தாலும், கடையில் அதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருந்தாலும், என் கணக்கில் அது வீட்டு ஆப். பயண ஆப் வேறு.

டிக்கெட் எடுப்பது மட்டும் சிக்னல் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை. ஐஆர்சிடிசி செயலியில் ஊட்டி ஸ்டேஷனின் பெயர் உதகமண்டலம், சுருக்கக் குறி யுஏஎம். மேட்டுப்பாளையம் எம்டிபி. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. மலை ரயிலில் பெட்டிகளும் குறைவு, இடங்களும் குறைவு. அதனால் அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கையில் போனோடு உட்காருவதுதான் வழி. தட்கலை நம்புகிறவர்கள் ஆதார் இணைப்பை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்ளுங்கள், 2025 ஜூலையிலிருந்து அது இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. டிக்கெட் கைக்கு வந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட். பரிசோதகர் வரும் நேரம் பார்த்துச் செயலி மறுபடியும் லாகின் கேட்பது ஓர் இயற்கை விதி.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். அங்கே ஏழு மணிக்கு மேல் மலை ரயில். இந்த முறை என் எதிர் பெர்த்தில் கோயம்புத்தூரில் இறங்க வேண்டிய பெரியவர் ஒருவர். பெரம்பூர் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, வண்டி இப்ப எங்கீங்க இருக்குது?”

“இன்னும் அரக்கோணமே வரலீங்க.”

“நெட்டு வருதுங்களா உங்களுக்கு? எனக்கு வரலியே.”

எனக்கும் வரவில்லை. ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ செயலிக்கு அது தேவையும் இல்லை. பெங்களூரில் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் உருவாக்கியது இது, 2018 இறுதியில் கூகுள் வாங்கிக்கொண்டது. ரயிலுக்குள் இருக்கிற போன், தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் செல்போன் கோபுரங்களில் எதன் எல்லைக்குள் நாம் இருக்கிறோம் என்பதைப் பார்க்கிறது. எந்தக் கோபுரம் எந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்ற விவரமும் கால அட்டவணையும் ஏற்கெனவே போனுக்குள் இருக்கின்றன. இரண்டையும் பொருத்தி, வண்டி எங்கே, எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லிவிடும். இன்டர்நெட்டும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். இரும்புப் பெட்டியின் நடு பெர்த்தில் ஜிபிஎஸ் தடுமாறும் இடத்தில் இது தடுமாறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். தமிழிலும் கிடைக்கிறது. பெரியவர் போனில் தமிழுக்கு மாற்றிக் கொடுத்து, கோயம்புத்தூருக்கு முன்னால் அடிக்கும்படி அலாரமும் வைத்துக் கொடுத்தேன்.

பதிலுக்கு அவர் செஸ் ஆடக் கூப்பிட்டார். குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து தமிழ்நாட்டு ரயிலில் செஸ்ஸுக்கு ஆள் கிடைக்காமல் போவதில்லை. லிச்செஸ் செயலியில் ஒரே போனை நடுவில் படுக்க வைத்து இரண்டு பேர் ஆடுகிற வசதி உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அவருடைய காய்கள் நேராகத் தெரியும்படி திருப்பியும் வைத்துக்கொள்ளலாம். விளம்பரமே இல்லாத, முழுக்க இலவசமான செயலி. திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010இல் தொடங்கி, இன்றைக்கு நன்கொடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இணையம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரோடும் ஆடலாம், ஆனால் அதன் மேல் நிலைகளோடு மோதுவதைவிடத் தூங்கப் போகலாம்.

பெரியவர் சாதாரண ஆள் இல்லை. குதிரையை நகர்த்தும்போது மட்டும் விரலைத் திரையில் வைத்தபடியே யோசிப்பார், எடுக்க மாட்டார். வண்டி குலுங்கும். குதிரை போய் வேறு கட்டத்தில் உட்காரும். “அது நான் வெக்கலீங்க தம்பி, வண்டி வெச்சுதுங்க” என்பார். ஒரு நகர்வைத் திரும்பப் பெறும் பொத்தானை அன்றைக்குத்தான் அதிகம் பயன்படுத்தினேன். காட்பாடிக்கு முன்னால் என் ராணி போய்விட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

மலை ரயிலில் என் விருப்பமான விளையாட்டை விளையாட்டு என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. உயரம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு எண் ஏறுவதைப் பார்ப்பது. கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் வாக்கில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, 46 கிலோமீட்டரில் 2,200 மீட்டர் உயரத்தைத் தாண்டி ஏறுகிற பாதை இது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயர்கிற சரிவு. நடுவில் பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்தபடி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். வேகம் காட்டும் செயலியில் 10, 11, 12 என்று ஓடும், அதற்கு மேல் போகாது. பக்கத்தில் நடந்து போகிறவரை முந்துவதற்கே யோசிக்கிற வேகம். மீட்டர் எண் மட்டும் நிற்காமல் ஏறும். இந்தப் பாதையில் சுரங்கம் மொத்தம் 16. உள்ளே நுழைந்தால் பெட்டி முழுக்கக் கத்துவார்கள், என் போனில் எண் உறைந்துவிடும். வெளியே வந்ததும் ஒரே தாவாகத் தாவும்.

இதற்கும் சிக்னல் தேவையில்லை. ஜிபிஎஸ் என்பது வானத்திலிருந்து வருவதைக் கேட்கிற வேலைதான், போன் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் வேலை செய்யும். இணையம் இல்லாமல் முதன்முறை இடத்தைப் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால், மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்திலேயே திறந்து வைத்துவிடுவேன்.

குன்னூரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் உயரம் 1,700 மீட்டர் சொச்சம். என் போன் அதைவிடச் சுமார் 90 மீட்டர் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து ஜன்னல் பையன், ஏழாவது படிப்பான், “அங்கிள், உங்க போன் பொய் சொல்லுது” என்று சத்தமாக அறிவித்தான். போன் பொய் சொல்லவில்லை. பலகை சொல்வது கடல் மட்டத்திலிருந்து உயரம். ஜிபிஎஸ் அளப்பதோ பூமியை ஒரு வழவழப்பான, துருவங்களில் லேசாகத் தட்டையான உருண்டை என்று வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து. நிஜக் கடல் அந்த உருண்டையோடு ஒட்டி நிற்பதில்லை. ஈர்ப்பு விசை கூடின இடத்தில் மேலே தூக்கிக்கொண்டும், குறைந்த இடத்தில் தாழ்ந்தும் கிடக்கிறது. உலகத்திலேயே அது மிக அதிகமாகத் தாழ்ந்திருக்கும் இடம், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், நூறு மீட்டருக்கும் அதிகமான பள்ளம். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் தமிழ்நாடு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. சில செயலிகள் இந்த வித்தியாசத்தைத் தாங்களே கணக்கிட்டுத் திருத்திவிடும், சில அப்படியே காட்டும். திருத்தாத செயலியோடு மெரினா மணலில் போய் நின்றால், கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே நிற்பதாகச் சொல்லும். பையனிடம் இதைச் சொன்னேன். “அப்ப நாம முங்கிட்டோமா?” என்று கேட்டுவிட்டு, வடை வாங்கப் போய்விட்டான்.

வரைபடத்தில் இரண்டு வைத்திருக்கிறேன். கூகுள் மேப்ஸில் நீலகிரி வட்டாரத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் காருக்கு வழி சொல்லும், ஆனால் இணையம் இல்லாதபோது நடப்பவருக்கு வழி சொல்லாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் நடக்கத்தானே போகிறோம். அங்கே ஆர்கானிக் மேப்ஸ்தான் என் கட்சி. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் வரைகிற ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து ஓடுவது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகூடப் புள்ளிக்கோடாகத் தெரியும், எவ்வளவு ஏற்றம் என்றும் சொல்லும். ஆனால் கடை, ஓட்டல் தேடினால் ஏமாற்றம்தான். நல்ல டீக்கடைக்கு வழி கேட்க மனிதர்கள் இருக்கிறார்கள்.

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் திறந்தது மெர்லின். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் தரும் இலவசச் செயலி. இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் போதும். ஒலிப் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா நின்றால், மைக்கில் விழும் சத்தம் திரையில் கோடும் புள்ளியுமாக ஓடும், அதற்குக் கீழே பறவைப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேரும். ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற பறவை மறுபடியும் கூவினால் அந்த வரி மஞ்சளாக ஒளிரும். செம்மீசைச் சின்னான் வரி அணையவே இல்லை, அத்தனை வாயாடிக் கூட்டம். கொஞ்ச நேரம் கழித்து ஓடைப் பக்கமிருந்து யாரோ வேலையில்லாத ஆள் சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம், ராகம் பிடிபடாமல் அங்கும் இங்கும் அலைந்தது. சீகாரப் பூங்குருவி. பெயர் திரையில் வந்த பிறகும் கருநீல உருவத்தைக் கண்ணில் பிடிக்க நேரம் ஆனது. மெர்லின் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் பறவையைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது, ஒரு பறவை இன்னொன்றின் குரலில் கூவி ஏமாற்றும் வழக்கமும் காட்டில் உண்டு.

விளையாட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் நான் நிறைய வைத்துக்கொள்வதில்லை. கூட்டமாகப் போனால் லூடோ கிங். ஒரே போனைக் கைமாற்றி நான்கு பேர் ஆடலாம், நம் தாயக்கட்டை சண்டை அப்படியே நடக்கும். தனியாக இருந்தால் சைமன் டேதம் தொகுத்த புதிர்கள். புட்டி என்ற புகழ்பெற்ற மென்பொருளை எழுதிய பிரிட்டிஷ்காரர் அவர். பொழுதுபோக்குக்கு எழுதிய நாற்பது சொச்சம் புதிர்கள் ஒரே செயலியில், மொத்தமும் சில எம்பிதான். பார்க்க அரசாங்க விண்ணப்பப் படிவம் போல இருக்கும். காசு இல்லை, விளம்பரம் இல்லை, தினமும் வந்து பரிசு வாங்கிக்கொள் என்ற நச்சரிப்பும் இல்லை. அதில் ‘லூப்பி’ என்று ஒன்று, எண்களைச் சுற்றி ஒரே கோட்டை வளையமாக மூட வேண்டும். பத்து நிமிடம் என்று தொடங்கினால் ஸ்டேஷன் போய்விடும். பணம் வைத்து ஆடும் ரம்மி வகையறாக்களை நான் தொட்டதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் போட்டதில், இலவச ஆட்டங்களுக்கு நடுவே வந்த அந்த விளம்பரங்கள் ஒழிந்தது எனக்கு லாபம்.

மலையில் சின்னக் கடைகளில்கூட யூபிஐ ஒட்டி வைத்திருக்கிறார்கள். நெட் இல்லாமல் கடைக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு. சட்டைப் பையில் சில்லறை நோட்டு வைத்திருப்பதற்கு இணையான செயலி இன்னும் வரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு போனின் முதல் பக்கமே மாறிவிடும். சென்னையில் தினமும் கை போவது ‘சென்னை ஒன்’ பக்கம். 2025 செப்டம்பரில் வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். அப்புறம் செல்லினம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய விசைப்பலகை. இந்தக் கட்டுரையின் பாதியை பேருந்தில் நின்றுகொண்டே அதில்தான் தட்டினேன், அதற்கும் நெட் தேவைப்படவில்லை.

நண்பர்கள் சிலர் காரில் ஊட்டி போகப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு மட்டும் ஒன்று. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், சீசனில் நாளுக்கு இத்தனை வண்டிதான் என்ற கட்டுப்பாடும் பிறகு வந்துவிட்டது. ரயிலுக்கும் அரசுப் பேருந்துக்கும் அது வேண்டாம். பாஸை வீட்டிலேயே எடுத்துப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடிக்க, ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓடிபிக்குக் காத்திருக்கிறவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வழிவிட்டுத்தான் எங்கள் பேருந்து மேலே ஏறியது.