போக்கிமானை எந்த வாசலால் தொடங்குவது? வன்னிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

போக்கிமான் கார்ட்டூன் 1997 ஏப்ரல் 1ஆம் திகதி ரீவி டோக்கியோவில் தொடங்கியது. அடுத்த மாதம் 13ஆம் திகதி இங்கே ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அதனால் இன்று வன்னியில் முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருக்கிற அம்மா அப்பாக்களில் பெரும்பாலானோர் இந்தத் தொடரைச் சின்ன வயதில் பார்த்ததேயில்லை. பார்க்கக் கறண்டே இருக்கவில்லை. இப்போது அவர்களுடைய பிள்ளைகள் டிஷ்ஷிலும் போனிலும் ஓரிரண்டு எபிசோட் பார்த்துவிட்டு, "முதல்ல இருந்து பாக்கவேணும், எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை.

முதலில் இருந்து பார்க்கத் தேவையில்லை. போக்கிமான் எனப்படும் உயிரினங்களைப் பிடித்துப் போட்டிக்கு விடும் பெடியன் ஆஷ் கதாநாயகனாக இருந்த எபிசோட்கள் மட்டும் 1200ஐத் தாண்டும். ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம். மொத்தம் 440 மணித்தியாலம். நாளுக்கு ஒன்று பார்த்தாலும் மூன்றேகால் வருடம் போய்விடும், அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். ஆனால் இந்தத் தொடரை நடுவிலிருந்து பார்ப்பதில் பெரிய நட்டமில்லை. காரணம், இதன் கதை போக்கிமான் வீடியோ விளையாட்டுகள் கடைக்கு வரும் கால அட்டவணைப்படி நகர்கிறது.

திகதிகளைப் பாருங்கள். ரூபி, சஃபையர் விளையாட்டுகள் ஜப்பானில் கடைக்கு வந்தது 2002 நவம்பர் 21. கார்ட்டூனின் இரண்டாவது பெரும் பகுதி தொடங்கியதும் அதே நாள். டயமண்ட், பேர்ள் வந்தது 2006 செப்டெம்பர் 28, அந்தப் பகுதியும் அதே நாள். பிளாக், வைட் 2010 செப்டெம்பர் 18, கார்ட்டூன் 23. எக்ஸ், வை 2013 ஒக்டோபர் 12, கார்ட்டூன் 17. சன், மூன் 2016 நவம்பர் 18, கார்ட்டூன் அதற்கு முதல் நாளே. சுவோர்ட், ஷீல்ட் 2019 நவம்பர் 15, கார்ட்டூன் 17. புது விளையாட்டில் புது ஊர், புது உயிரினங்கள். ஆகவே ஆஷ் தன் பழைய போக்கிமான்களைப் பேராசிரியர் ஓக்கிடம் விட்டுவிட்டு, பிக்காச்சுவை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டு புது ஊருக்குப் போகிறான். கூட்டாளிகளும் பெரும்பாலும் மாறிவிடுவார்கள். "ஏன் அந்தப் பலமான சாரிசார்டைக் கொண்டுபோகேல்லை?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சரியான பதில் இதுதான்: கடைக்கு வந்திருப்பது புது விளையாட்டு, அதில் இருக்கும் புது உயிரினங்களைக் காட்ட வேண்டும்.

ஆக, ஒவ்வொரு பகுதியும் ஒரு தனி வாசல். எந்த வாசல் என்பதைப் பிள்ளையின் வயது தீர்மானிக்கட்டும்.

முன்பள்ளி முதல் தரம் இரண்டு வரை சன் அண்ட் மூன். இதில் ஆஷ் ஊர் ஊராக அலையாமல் ஒரு தீவில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறான். ஒவ்வொரு எபிசோட்டும் அநேகமாகத் தனிக்கதை. முகபாவங்கள் பெரிதாக, சிரிப்பு அதிகமாக இருக்கும். இடையில் இரண்டு கிழமை பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் அறுந்துபோகாது. பழைய ரசிகர்கள் சிலருக்கு இந்த ஓவியம் பிடிக்கவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம், சின்னப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

தரம் மூன்று முதல் ஐந்து வரை எக்ஸ் வை. சண்டைக் காட்சிகளின் வேகமும் கமரா சுழலும் விதமும் இதற்கு முன்பிருந்தவற்றைவிட ஒரு படி மேல். கதையும் நேர்கோடாகப் போகும். முடிவில் ஆஷ் அந்த ஊரின் பெரிய போட்டியான லீக்கின் இறுதிவரை போய் அலேன் என்ற போட்டியாளனிடம் தோற்கிறான். பிள்ளை அழக்கூடும், அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

பத்து வயதுக்கு மேல் டயமண்ட் அண்ட் பேர்ள். என் கணிப்பில் முழுத் தொடரிலும் எழுத்து மிக இறுக்கமாக இருப்பது இங்கேதான். போல் என்ற போட்டியாளன் தன் சிம்சார் என்ற போக்கிமானைப் பலமில்லை என்று கைவிடுகிறான். ஆஷ் அதை ஏற்கிறான். அது வளர்ந்து இன்ஃபர்னேப் ஆகி, லீக்கில் அதே போலின் எதிரே நிற்கிறது. தோல்வி, பயிற்சி, பொறுமை எல்லாம் அளவோடு வருகின்றன. 190 எபிசோட்டுக்கு மேல் என்பதால் பொறுமையும் வேண்டும்.

முதல் பகுதியான கான்டோ நல்லதுதான், ஆனால் படம் சதுரமாக, ஓட்டம் மெதுவாக இருக்கும். வேறொன்றைப் பார்த்துப் பிடித்த பிறகு திரும்பி வந்து பார்ப்பதே நல்லது. பிளாக் வைட் பகுதியைத் தொடக்கமாக வைக்க வேண்டாம். அதில் ஆஷ் திடீரென்று புதியவன்போல நடந்துகொள்கிறான். அதற்கும் விளையாட்டுத்தான் காரணம்: அந்த விளையாட்டில் முக்கியக் கதை முடியும்வரை 156 புது உயிரினங்கள் மட்டுமே வரும், பழையது எதுவும் வராது. கார்ட்டூனும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கப் பார்த்தது. சுவோர்ட், ஷீல்டோடு வந்த ஜேர்னீஸ் பகுதியும் முதல் வாசலுக்கு உதவாது. பழைய பகுதிகளின் ஆட்கள் விருந்தாளிகளாக வந்துபோவதுதான் அதன் சுவை. ஆளைத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கூட்டம்.

2023 ஏப்ரல் 14இல் தொடங்கிய ஹொரைசன்ஸில் ஆஷ் இல்லை. லிக்கோ என்ற பிள்ளையும் ரோய் என்ற பெடியனும்தான் கதாநாயகர்கள். இது தொடர்கதை. முதல் எபிசோட்டிலிருந்து ஒழுங்காகப் பார்க்காவிட்டால் லிக்கோவின் கழுத்துப் பதக்கத்தின் கதை விளங்காது. ஒழுங்காகப் பார்க்க வழி இருந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கள்.

ஆஷ் வெல்வானா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கான்டோ லீக்கில் சாரிசார்ட் சொல் கேட்காமல் படுத்துவிட்டதால் தோற்றான். பிறகு ஜோட்டோ, ஹோயென், சின்னோ, யுனோவா, கலோஸ் எல்லாவற்றிலும் தோல்வி. 2019இல் அலோலாவில்தான் முதல் லீக் வெற்றி, தொடர் தொடங்கி 22 வருடத்துக்குப் பிறகு. 2022 நவம்பரில், அதுவரை சாம்பியனாக இருந்த லியோனை வென்று உலகச் சாம்பியன் ஆனான்.

எபிசோட் எண்கள் இடையில் துள்ளும். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 38ஆவது எபிசோட் ஒரேயொரு தடவைதான் ஒளிபரப்பானது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். 35ஆவதில் துப்பாக்கிகள் வருவதால் ஆங்கில ஒலியில் அது வரவேயில்லை. விளைவு, ஆஷிடம் திடீரென்று 30 டாரஸ் மாடுகள் நிற்கும், எங்கே பிடித்தான் என்று ஆங்கிலத்தில் பார்க்கும் பிள்ளைக்குத் தெரியாது. அந்தத் தவறிய எபிசோட்டில்தான் பிடித்தான். பிளாக் வைட்டில் வில்லன்களான ரொக்கெட் குழுவும் பிளாஸ்மா குழுவும் மோதும் இரண்டு எபிசோட்கள், 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்ததால் தள்ளிவைக்கப்பட்டு, கடைசிவரை ஒளிபரப்பாகவில்லை. ஒரு நகரம் அழியும் காட்சிகள் அதில் இருந்தன. முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்கு அந்த முடிவை விளக்கத் தேவையில்லை.

விளையாட்டும் கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம் வரும். விளையாட்டில் மின்சாரத் தாக்குதல் நில வகைப் போக்கிமானை ஒன்றும் செய்யாது. ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆனால் ஐந்தாவது எபிசோட்டில் தண்ணீர் தெளிகருவிகள் திறந்து, நில வகையான ஒனிக்ஸ் நனைந்தபின் பிக்காச்சுவின் மின்சாரம் அதைத் தாக்குகிறது. கார்ட்டூனில் தண்ணீர், உயரம், கொம்பு, களைப்பு எல்லாவற்றுக்கும் கணக்குண்டு. விளையாட்டில் வகை அட்டவணையும் எண்களும்தான். கார்ட்டூனில் கற்ற தந்திரத்தை விளையாட்டில் போட்டால் ஜிம் எனப்படும் ஊர்ப் போட்டிகளில் முதலாவதிலேயே தோல்வி. பிள்ளைக்கு மூன்றை மட்டும் முதலில் சொல்லிக்கொடுங்கள்: தண்ணீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் தண்ணீரை வெல்லும். மிச்சம் தானாக வரும்.

கார்ட்டூனிலிருந்து விளையாட்டுக்குப் போனதும் உண்டு. 1998 செப்டெம்பரில் ஜப்பானில் வந்த யெலோ பதிப்பில் பிக்காச்சு போக்கிமானை அடைத்து வைக்கும் பந்துக்குள் போகாமல் பின்னால் நடந்துவரும், உருமாற்றும் இடிக்கல்லைக் கொடுத்தால் மறுக்கும், ரொக்கெட் குழுவின் ஜெஸ்ஸியும் ஜேம்ஸும் வருவார்கள். எல்லாம் கார்ட்டூன் கொடுத்தவை.

எதில் பார்ப்பது? இந்தியாவின் ஹங்காமா அலைவரிசை தமிழ் ஒலியுடன் சில பகுதிகளைக் காட்டியிருக்கிறது. ரீவியில் வருவது தொடங்கிய இடத்திலிருந்து ஒழுங்காக வரும் என்று நம்ப வேண்டாம். அதனால்தான் தனிக்கதையாகப் போகும் பகுதிகள் ரீவிக்கு ஏற்றவை. போக்கிமான் நிறுவனத்தின் சொந்த யூடியூப் அலைவரிசைகளில் முழு எபிசோட்கள் சில கிடைக்கின்றன. நிறுவனத்தின் இலவச போக்கிமான் ரீவி செயலி 2024 மார்ச்சில் நின்றுவிட்டது. இப்போதும் அந்தப் பெயரில் ஏதாவது கோப்பைத் தரவிறக்கச் சொன்னால் தொடாதீர்கள். ஹொரைசன்ஸ் நெட்ஃபிளிக்ஸில் பல நாடுகளில் உண்டு. காசு கட்டுவதற்கு முன் இங்கே அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டாக் கணக்கு: நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவுப்படி மிகக் குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, எச்டியில் 3 ஜிபி வரை. 22 நிமிட எபிசோட்டுக்கு அது ஏறத்தாழ 110 எம்பி, 260 எம்பி, 1.1 ஜிபி. போன் திரைக்குக் குறைந்த தரம் போதும், கார்ட்டூனில் பெரிய வித்தியாசம் தெரியாது. தரத்தைத் தானியங்கியில் விட்டால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், கிளிநொச்சி நகரத்துக்குள் போனவுடன் மாதிரி, அதுவே எச்டிக்கு ஏறி ரீலோட் செய்த டேட்டாவை ஒரே மாலையில் முடித்துவிடும். கையால் குறைத்து வையுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், செயலிக்குள்ளேயே முன்கூட்டி இறக்கி வைத்துப் பார்ப்பதுதான் வழி.

இனி அந்த 38ஆவது எபிசோட். 1997 டிசம்பர் 16 மாலை, ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு ஏறத்தாழ 12 தடவை மாறி மாறி மின்னின. ஜப்பான் முழுவதும் 685 பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நின்று 1998 ஏப்ரல் 16இல்தான் திரும்பியது. எபிசோட் பொரிகோன் என்ற போக்கிமானின் பெயரில் இருந்தாலும் மின்னலை வெட்டியது பிக்காச்சு. பழி பொரிகோன் மேல் விழுந்தது, அது பிறகு கதையில் முக்கியமாகத் தலைகாட்டவேயில்லை. அதன்பின் ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக்கூடாது என்று விதி வைத்தார்கள். ஆகவே இன்று ரீவியில் வரும் எபிசோட்களுக்குப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தப் பழைய துண்டு இணையத்தில் திரிகிறது, "காட்டு பாப்பம்" என்று பிள்ளைகள் தேடுவார்கள். காட்டாதீர்கள்.

இருட்டறையில் வெளிச்சமான திரை, அதுவும் கண்ணுக்குக் கிட்ட, இதுதான் ஆபத்தைக் கூட்டுவது. கறண்ட் போன இரவில் போர்வைக்குள் போனை வைத்துப் பார்ப்பது அதற்கு நல்ல உதாரணம். ஒரு சார்ஜ் விளக்கையாவது பக்கத்தில் எரிய விடுங்கள். ரீவியிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி இருக்கட்டும். மின்னல் காட்சியில் பிள்ளைக்கு ஏதோ மாதிரி இருந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்தித் திரையிலிருந்து திரும்பச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் வெறுமனே மூடுவது உதவாது, இமைக்கூடாகவும் வெளிச்சம் போகும். வலிப்பு வந்துவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம், கையில் இரும்போ சாவிக்கொத்தோ திணிக்க வேண்டாம், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். முதல் தடவை வந்த வலிப்பென்றால் சுருக்கமாக நின்றாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

போக்கிமானை உருவாக்கிய சட்டோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். ஆஷின் ஜப்பானியப் பெயரும் சட்டோஷிதான். ஆஷ் முதலில் பிடித்த கேட்டர்பி என்ற புழுப் போக்கிமானைப் போன்றது நம் வளவிலேயே இருக்கிறது: கறிவேப்பிலை, தேசி, விளாத்தி மரங்களில் இருக்கும் பச்சைப் புழு. தொட்டால் தலையிலிருந்து சிவந்த கவட்டுக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். கேட்டர்பியின் சிவப்புக் கொம்பும் நாற்றம் விடுவதாகத்தான் விளையாட்டின் கையேடு சொல்கிறது. மாரி மழை தொடங்கிக் கொழுந்து வந்ததும் தேடுங்கள். குட்டிப் புழு பறவை எச்சம்போல இருக்கும், பிறகுதான் பச்சையாகும்.

பிடித்த புழுவை வாயகன்ற போத்தலில் விட்டு, நாளுக்கு ஒருமுறை வளவுக் கறிவேப்பிலை வையுங்கள். சந்தைக் கறிவேப்பிலையில் மருந்து இருந்தால் புழு செத்துவிடும். காம்பைத் தண்ணீர்க் குப்பியில் வைப்பதானால் அந்தக் குப்பியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து மூழ்கும். எச்சத்தை அள்ளாமல் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தின்பதை நிறுத்தி அலையத் தொடங்கினால் கூடு கட்டப்போகிறது. அப்போது நுளம்பு வலை போர்த்த ஒரு காட்போட் பெட்டிக்கு மாற்றிச் சாய்வாகக் குச்சி வையுங்கள். ஒன்று, இரண்டு கிழமையில் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். இடம் போதாமல் சிறகு தொங்கி விரிய முடியாவிட்டால் சுருங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு ஒருநாளும் பறக்காது. போத்தலிலேயே விட்டவர்களுக்கு நடப்பது இதுதான்.

புழு தேடப் பிள்ளைகளை வளவுக்கு வெளியே பற்றைக்குள் விடாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் காணிக்குப் பக்கத்திலும் போகக்கூடாது, பலகை விழுந்து மறைந்திருக்கலாம். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு குளவிகள் வரும். வளர்ப்பில் பிழையில்லை. நீங்கள் பிடிக்கும் முன்னரோ, கூடு கட்டும் நேரத்திலோ குளவி அதற்குள் முட்டை இட்டுவிட்டது என்று பிள்ளைக்குச் சொல்லி, அடுத்த புழுவைத் தேடுங்கள்.