பெரிதாக எழுதினால் படிக்க முடியாதா?

"பெரிதாக எழுதினால் படிக்க முடியாதா, சார்?" என்று அந்தச் செவிலியர் கேட்டபோது நான் நேரான பதில் சொல்லவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. குழந்தைகள் பிரிவின் ஆங்கில அறைப்பலகைகளுக்காக நான் கொண்டுபோயிருந்த மூன்று மாதிரிகளில், கூப்பர் பிளாக் எழுத்துருவில் அமைந்ததைத்தான் அவர் கையில் எடுத்தார். "இதைப் பார்த்தால் பயம் வரவில்லை" என்றார். "தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியாது, சிஸ்டர்" என்று சொல்லி, கோடுகள் மெலிந்த வேறோர் எழுத்துருவுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

நான் சொன்னது முழுப் பொய்யன்று. கூப்பர் பிளாக்கின் கோடுகள் எல்லாப் பக்கமும் உருண்டு திரண்டிருப்பதால், ஆங்கிலத்தின் 'a', 'e' போன்ற சிற்றெழுத்துகளின் உள்ளே விடப்பட்ட வெளி மிகவும் குறுகியது. சிறிய அளவில் அச்சிட்டால் அது மையால் அடைபடும். ஒரு பத்தியையே அதில் கோத்தால் பக்கம் கறுத்துக் கனத்துவிடும். ஆனால் அந்தப் பலகைகளில் இருந்தவை விளையாட்டறை, ஊசி அறை என்பன போன்ற ஓரிரு சொற்களே. ஓரிரு சொற்களைப் பெரிய அளவில், சிற்றெழுத்துகளில், நெருக்கமாக அடுக்கும்போதுதான் அந்த எழுத்துரு தன் முழு அழகையும் காட்டுகிறது. கூர்முனை ஒன்றுகூட இல்லாததால், அத்தனை கனத்திலும் அது அதட்டுவதில்லை.

ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த இதை 1922-இல் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் எழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களை உடைய, தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கானது என்றே அதை அறிமுகப்படுத்தினார்கள். தலைப்புகளிலும் விளம்பரங்களிலும் எட்ட நிற்பவர் கண்ணில் படுவதற்காகவே பிறந்த எழுத்தைத் தூரத்திலிருந்து தெரியாது என்று நான் விலக்கினேன். இந்த வரலாறு அன்றே எனக்குத் தெரியும்.

உண்மையான காரணம் வேறு. 1960-களிலும் 70-களிலும் இசைத்தட்டு உறைகளிலும் சுவரொட்டிகளிலும் பெருகியதால், அந்த எழுத்தின் மேல் அக்காலத்தின் சாயல் படிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் பழைய பாணியைக் கொடுத்தேன் என்று என் துறையினர் சொல்வார்களோ என்று அஞ்சினேன். ஆயினும், மருத்துவரிடம் கெட்ட செய்தியைக் கேட்டுவிட்டு அந்த வழியே நடந்து வரும் பெற்றோரை நினைக்கும்போது, கொண்டாட்டச் சாயலுள்ள அந்த எழுத்து அங்கே இல்லாததே நல்லது என்றும் தோன்றுகிறது. ஆனால் இது அன்று என் மனத்தில் இருந்த எண்ணமன்று. பிறகு நான் தேடிக்கொண்ட சமாதானம். ஊசிக்குப் பயந்து நிற்கும் குழந்தையை அந்தச் செவிலியர் நாள்தோறும் பார்க்கிறார், நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் 'ஊசி அறை' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை இரண்டு எழுத்துருக்களிலும் ஒரே உயரத்தில் அச்சிட்டு, நடைகூடத்தின் ஒரு முனையில் ஒட்டிவிட்டு, மறு முனைவரை பின்னோக்கி நடந்தேன். அங்கிருந்து இரண்டையுமே படிக்க முடிந்தது.